சீட்டுக் கொப்பியும் நியம விலகலும்

அம்மாவின் சீட்டுக் கொப்பி நாற்பது பக்கக் கொப்பி. முன்னட்டை எப்போதோ கிழிந்துவிட்டது. பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் மிச்சம். உள்ளே ஒரு பக்கத்துக்குப் பத்துப் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் நேரே பத்துக் கட்டம். காசு கொடுத்தவருக்கு ஒரு சரி போடுவார். சீட்டு எடுத்தவரின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம். வேறு கணக்கு கிடையாது. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு ‘முதலீட்டுப் பகுப்பாய்வும் முதலீட்டுத் தொகுப்பு முகாமைத்துவமும்’ என்ற பாடம் எனக்கு வந்தது. அந்த விடுமுறையில் எங்கள் ஊரான ஹல்துமுல்லைக்கு வந்து விரிவுரைக் குறிப்புகளை மேசையில் விரித்தபோது பக்கத்தில் அந்தக் கொப்பி கிடந்தது. இரண்டிலும் கட்டங்கள், இரண்டிலும் எண்கள். இன்றைக்குக் கையில் இருக்கிற காசைத் தேவைப்படும் நாளுக்குச் சேதமில்லாமல் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றுதான் இரண்டையும் எழுதியவர்கள் மண்டையைக் குழப்பியிருக்கிறார்கள்.

இந்த இரண்டையும் பற்றி இரண்டு வகைப் பேச்சு உண்டு. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குச் சேமிக்கத் தெரியாது, யாராவது போய் நிதி அறிவு புகட்ட வேண்டும் என்பது முதலாவது. பாட்டிமாரின் அறிவுக்கு முன்னால் பட்டப்படிப்பு எந்த மூலைக்கு என்பது மற்றது. முதலாவது எனக்குக் கோபம் தரும். இரண்டாவது கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. பாடநூல், விருப்பப்படி வாங்கவும் விற்கவும் கூடிய சொத்துக்களைப் பிரித்து வைக்கச் சொல்லித் தருகிறது. தோட்டத்து வரிசை வீட்டில், அதாவது லயத்தில், வாழும் குடும்பத்தின் சொத்தில் பெரும்பங்கு அது தானாகத் தேர்ந்தெடுத்ததே அல்ல. ஒன்றோடொன்று கட்டப்பட்டே கைக்கு வந்தது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் இரண்டு கணக்கும் எங்கே ஒன்றையொன்று திருத்துகின்றன என்பது தெரியும்.

ஹல்துமுல்லை, கொழும்பு – மட்டக்களப்பு ஏ4 வீதியில், பெலிஹுல்ஓயாவுக்கும் பெரகலைச் சந்திக்கும் நடுவில் இருக்கிறது. பெரகலையில் ஒரு பாதை ஹப்புத்தளைக்கு ஏறும். மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். கீழே பம்பஹின்னையில் சப்ரகமுவ பல்கலைக்கழகம், மேலே பதுளையில் 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். தேயிலை மலையிலிருந்து பார்த்தால் உயர்கல்வி அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. தூரம் வேறு இடத்தில். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்று மூன்றையும் தமிழில் படித்து, இசட் புள்ளியும் மாவட்டக் கோட்டாவும் கைகொடுத்து உள்ளே போகிற பிள்ளைக்கு, முதல் வாரமே எல்லாம் ஆங்கிலத்தில் தொடங்கும். தமிழில் படித்த நியம விலகலை (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அதுவே திட்ட விலக்கம்) ஆங்கிலப் பெயரில் பார்த்து, இது ஏதோ புதிய சமாசாரம் என்று இரண்டு கிழமை பயந்துகொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பாடத்தின் முதுகெலும்பு ஹரி மார்க்கோவிட்ஸ் 1952 இல் எழுதிய கட்டுரை. மிகவும் சின்னது. ஒரு பங்கைத் தனியாக எடுத்து நல்லதா கெட்டதா என்று பார்த்துப் பயனில்லை. கையில் இருக்கும் மற்றவற்றோடு சேர்ந்து அது எப்படி நடக்கிறது என்று பார் என்கிறது. விரிவுரையாளர் கரும்பலகையில் போட்ட உதாரணம் இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு பங்குகள், ஒவ்வொன்றின் நியம விலகலும் 20 சதவீதம். காசைப் பாதி பாதியாகப் போடுகிறோம். இரண்டுக்கும் இடையிலான இணைபு ஒன்று என்றால், அதாவது ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறி, ஒன்று விழும்போது மற்றதும் விழுமானால், தொகுப்பின் விலகலும் அதே 20. பிரித்து வைத்ததால் ஒரு சதமும் லாபமில்லை. இணைபு பூச்சியம் என்றால் விலகல் 14 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கும். எதிர்பார்க்கும் வருவாய் குறையவில்லை, இடர் மட்டும் குறைந்தது. பொருளாதாரத்தில் இலவசமாகக் கிடைப்பது இது ஒன்றுதான் என்று அவர் சொன்னார். மார்க்கோவிட்ஸுக்கு 1990 இல் நோபல் பரிசு கிடைத்தது, வில்லியம் ஷார்ப், மேர்ட்டன் மில்லர் ஆகிய இருவரோடு சேர்த்து.

இனி வீட்டுத் தொகுப்பு. அம்மாவிடம் கேட்டால் நம்மிடம் என்ன இருக்கிறது என்று சிரிப்பார். நான் எழுதிப் பார்த்தேன். மாதம் 5,000 ரூபாய்ச் சீட்டு ஒன்று. ஒரு சோடித் தோடும் மூக்குத்தியும். வருஷத்தில் பாதி நாள் அவை வங்கி அடகில் இருக்கும். லயத்துக்குப் பின்னால் சரிவில் இரண்டு பாத்தி மரக்கறி, ஏழெட்டுக் கோழி. ஊழியர் சேமலாப நிதியிலும் ஊழியர் நம்பிக்கை நிதியிலும் கிடக்கும் காசு. மரண உதவிச் சங்கத்தில் மாதச் சந்தா. மறுபக்கத்தில் கடைக்கணக்கும் தீபாவளி முற்பணமும். கடைசியாக, யாரும் சொத்தென்று எழுதாத ஒன்று: கொழும்பில் ஒரு கடையில் நிற்கும் மாமா. அவர் அனுப்பும் காசுக்கு ஹல்துமுல்லை மழையோடும் ஏல விலையோடும் ஒரு தொடர்பும் கிடையாது. மார்க்கோவிட்ஸின் பாஷையில், எங்கள் வீட்டில் இணைபு குறைந்த ஒரே சொத்து மாமாதான்.

இடர் என்ற சொல் இரண்டு இடத்திலும் ஒரே பொருளில் வரவில்லை. பாடத்தில் இடர் என்றால் ஏற்ற இறக்கம். சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஓடுகிறது என்பதை வருஷக் கணக்கில் அளப்பார்கள். மேலே ஓடினாலும் இடர், கீழே ஓடினாலும் இடர். லயத்தில் இடருக்கு ஒரு திகதி இருக்கும். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும் நாள், பிள்ளை சமைந்த பிறகு சடங்கு வைக்கும் நாள், திடீரென்று பதுளை ஆஸ்பத்திரிக்கு வான் பிடிக்க வேண்டிய இரவு. அந்த நாளில் கையில் காசு இல்லையென்றால் அதுதான் நட்டம். மற்ற நாட்களில் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

அதனால்தான் சம்பளம் வரும் 10 ஆம் திகதி மாலையே சீட்டுக் காசு சேர்த்துவிடுவார்கள். சம்பளக் காசு கடைக்கணக்கில் கரைவதற்கு முன்னால் அதற்கு ஓர் ஒளிவிடம். வட்டி இல்லாத சேமிப்பில் ஏன் போடுகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு அம்மா சொன்னது:

“வட்டிக்கா தம்பி சீட்டு போடுறோம்? கையில இருந்தா செலவாயிரும். வீட்ல இருந்தா ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சிரும்.”

பேராசிரியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் சுயகட்டுப்பாட்டுக் கருவி. அப்பாவைப் பற்றிய பகுதி பாடநூலில் இல்லை.

மார்க்கோவிட்ஸைப் பற்றிய ஒரு கதையை இங்கே சொல்ல வேண்டும். தன் ஓய்வூதியக் காசை எப்படிப் பிரித்தீர்கள் என்று பிற்காலத்தில் அவரிடம் கேட்டார்கள். தன்னுடைய சூத்திரங்களை அவர் பயன்படுத்தவில்லையாம். பங்குச் சந்தை ஏறும்போது நாம் அதில் இல்லையே என்றும், விழும்போது எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டோமே என்றும் பின்னால் வருந்தக்கூடாது என்பதற்காகப் பங்கில் பாதி, கடன்முறியில் பாதி என்று வைத்தாராம். வகுப்பில் எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வருத்தத்தைக் குறைக்க ஏற்பாடு செய்வது தோட்டத்துப் பழக்கம் மட்டுமில்லை போலும்.

ஆனால் பாடம் எனக்குக் கொடுத்ததும் உண்டு. எங்கள் பக்கம் பெரும்பாலும் குலுக்கல் சீட்டுத்தான். பத்துப் பேர், மாதம் 5,000, குலுக்கலில் பெயர் வந்தவருக்கு 50,000. முதல் மாதம் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன், கடைசி மாதம் எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு. கடைவீதியில் ஏலச் சீட்டும் நடக்கும், கதை மாறுவது அங்கேதான். அவசரக்காரர் முதல் மாதமே 8,000 ரூபாய் கழிவு கேட்டு 42,000க்குச் சீட்டை எடுக்கிறார் என்று வையுங்கள். கழிவை இன்னும் எடுக்காத ஒன்பது பேரும் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்த மாதத் தவணை 5,000ஐக் கழித்தால் அவர் கைக்குப் போவது 37,000. அதன் பிறகு ஒன்பது மாதம் 5,000 வீதம் 45,000 கட்ட வேண்டும். எட்டாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் 37,000 முழுவதும் ஒன்பது மாதம் அவர் கையில் இருக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் கடனில் கொஞ்சம் அடைந்துகொண்டே போகிறது. அதைக் கணக்கில் எடுத்து உள்ளக வருவாய் வீதத்தைக் கண்டுபிடித்தால் மாதம் 4 சதவீதத்துக்குச் சற்று மேலே வருகிறது. வட்டிக்கு வட்டி சேர்த்து வருஷத்துக்குப் பார்த்தால் 60 சதவீதத்தைத் தாண்டும்.

நான் இதை ஒரு தாளில் போட்டுக் காட்டியபோது அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். தோட்டை வங்கியில் அடகு வைத்தால் எவ்வளவு என்று கேட்டார். அதையும் போட்டேன், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஏலச் சீட்டை முதல் மாதம் கேட்டதில்லை. அவசரம் என்றால் தோடுதான் போகும். மூன்று ஆண்டுப் படிப்பில் குடும்பத்துக்கு நான் நேரடியாகச் சம்பாதித்துக் கொடுத்த ஒரே லாபம் அதுவாகத்தான் இருக்கும். லயத்து அறிவே போதும் என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தத் தாளைத்தான். சீட்டைக் கண்டுபிடித்தது புத்திதான், ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் விலையைப் பார்க்கக் கணிதம் வேண்டும்.

பாடம் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். ஷார்ப் 1964 இல் எழுதிய மூலதனச் சொத்து விலையிடல் மாதிரி ‘இடரற்ற வீதம்’ என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறது. இலங்கை வகுப்பறையில் அந்த இடத்தில் திறைசேரி உண்டியலின் வட்டியை வைப்போம். அரசாங்கம் ரூபாயில் வாங்கிய கடனை ரூபாயில் திருப்பித் தராமல் போகாது என்பது நம்பிக்கை. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200ஐ ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் பக்கம் போய்விட்டது. திறைசேரி உண்டியல் வட்டி அந்த ஆண்டிலேயே 30 சதவீதத்தைத் தாண்டியது. ஜனவரியில் 13,000 புள்ளிகளுக்கு மேல் இருந்த கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் சரிந்தது. ஏப்ரல் 18 தொடங்கி ஐந்து வேலை நாட்கள் சந்தையே மூடப்பட்டது. சந்தை எப்போதும் திறந்திருக்கும், நினைத்தபோது விற்கலாம் என்பதுதான் அந்தப் பாடத்தின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் சொல்லாமல் சொல்லப்படும் எடுகோள்.

இந்த நெருக்கடியில் அம்மாவின் தொகுப்பு என்ன ஆனது? சீட்டு அடி வாங்கியது. ஜனவரியில் எடுத்தவரின் 50,000 வேறு, அக்டோபரில் எடுத்தவரின் 50,000 வேறு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்தச் செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். கட்டங்களில் எல்லாச் சரியும் ஒழுங்காக விழுந்தன, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் கடைசியாக எடுத்த பெண் கணிசமான பங்கை இழந்தாள் என்றே சொல்லலாம். பணவீக்கம் என்ற நோய்க்குச் சீட்டில் மருந்தே இல்லை. தப்பியது தோடு. தங்கத்தின் விலை உலகச் சந்தையில் டொலரில் நடக்கிறது. ரூபாய் விழ விழ இங்கே தங்கம் ஏறும். எங்கள் காம்பராவில் வெளிநாட்டுச் செலாவணி என்று ஒன்று இருந்ததானால் அது அம்மாவின் காதில் இருந்தது. தங்கம் வருமானம் தராத சொத்து என்று வகுப்பில் ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போனோம். இலங்கையில் அந்தப் பாடத்தைக் கற்பிப்பவர்கள் அந்த ஒரு வரியை ஒரு கிழமையாக விரிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஊழியர் சேமலாப நிதிக்கு நடந்தது இன்னும் சிக்கல். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், தொழில் வழங்குநரிடமிருந்து 12 சதவீதம், ஆக 20. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாய் ஆனது. மாதம் 20 பேர் (வேலை நாள்) விழுகிறது என்றால் 27,000. அந்தக் கணக்கில் இரு தரப்புப் பங்கும் சேர்த்துச் சேமலாப நிதிக்கு 5,400. அம்மாவின் 5,000 ரூபாய்ச் சீட்டை விடப் பெரிய தொகை அது, மாதா மாதம், யாரும் குலுக்காமலே போய்ச் சேர்கிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். நிதியை நடத்துவது மத்திய வங்கி. அதன் பெரும்பகுதி திறைசேரி முறிகளில் கிடக்கிறது. 2022 ஆம் ஆண்டுக்கு அங்கத்தவர் கணக்கில் 9 சதவீத வட்டி விழுந்தது. மேலே சொன்ன 69.8க்குப் பக்கத்தில் அந்த 9ஐ வைத்துப் பாருங்கள். 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, நிதியிடம் இருந்த முறிகள் 2025 வரை 12 சதவீதமும் அதன் பிறகு 9 சதவீதமும் தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. மாற்றாவிட்டால் வரி 14இலிருந்து 30 சதவீதமாகும் என்பது நிபந்தனை. திறைசேரி உண்டியல் வைத்திருந்த மற்ற முதலீட்டாளர்களைத் தொடவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஓய்வுக்காலக் காசுதான் சுமையில் ஒரு பங்கை ஏற்றது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் தொகுப்பு முகாமையாளரைத் தேர்ந்தெடுத்தவளும் இல்லை, மாற்றக்கூடியவளும் இல்லை.

இன்னொரு தாள். பாட்டியின் தகரப் பெட்டியில் பிறப்புச் சான்றிதழ்களுக்கு நடுவே, நான்காக மடித்த ஒரு பங்குச் சான்றிதழ் இருந்தது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையான தோட்டங்களை 1992 இல் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரித்தார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து அவற்றைத் தனியாருக்கு விற்றபோது 10 சதவீதப் பங்கைத் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கினார்கள். பாட்டி அதைத் ‘தொரை குடுத்த கடுதாசி’ என்பார். எப்போதாவது தபாலில் ஒரு சின்னக் காசோலை வரும். அதை மாற்றப் பஸ்ஸேறி டவுனுக்குப் போய் வந்தால் காசோலையின் பாதி பஸ்ஸுக்கே போய்விடும் என்று அடுத்ததை அவர் மாற்றவில்லை. அந்தக் கடுதாசி என்னவென்று எனக்குப் புரிந்தது பல்கலைக்கழகம் போன பிறகுதான். புரிந்ததும் பெருமை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இணைபு நினைவுக்கு வந்தது. தேயிலையில் வேலை, தேயிலைக் கம்பனியின் லயத்தில் வீடு, கொழுந்துச் சம்பளத்தை நம்பிய கடைக்கணக்கு. இதற்கு மேல் இலவசமாகக் கொடுத்ததும் தேயிலைக் கம்பனியின் பங்கு. கரும்பலகையில் விரிவுரையாளர் வரைந்த உதாரணத்தில் இணைபு ஒன்று என்று எழுதிய அந்தப் பக்கம்தான் பாட்டி.

கொழும்பில் பங்கு வியாபாரம் 1896 இல் பங்குத் தரகர் சங்கத்தோடு தொடங்கியது. அன்றைக்கு அவர்கள் வாங்கி விற்றது பெரும்பாலும் இந்த மலைத் தோட்டக் கம்பனிகளின் பங்குகளைத்தான். அதே ஆண்டுகளில் பாட்டியின் முன்னோர் கையில் வேறொரு தாள் இருந்தது. அதற்குப் பெயர் துண்டு. இந்தத் தொழிலாளியின் கூட்டம் இவ்வளவு ரூபாய் கடன் வைத்திருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அது கைமாறியது. தரகர் கையில் பங்கு, கங்காணி கையில் துண்டு, இரண்டுமே எதிர்கால உழைப்பின் மீது எழுதிய கடுதாசிகள். முதலீட்டின் வரலாறு என்ற தலைப்பில் எங்களுக்கு அம்ஸ்டர்டாமும் நியூயோர்க்கும் வந்தன. பதுளை மாவட்டம் வரவில்லை.

உண்மையில் ஒற்றைப் பயிரின் இடரைப் பற்றிய பெரிய பாடம் ஒன்று இந்த மாவட்டத்திலேயே எழுதப்பட்டது. 1869 இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டம் ஒன்றில் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடி படிந்திருந்ததைக் கண்டார்கள். இலைத்துரு நோய். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பி விழுந்தது, கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் 1884 இல் கதவை மூடியது. பயிர், கடன், வங்கி என்று மூன்று தனித்தனிப் பெயர்களில் இருந்தாலும் அத்தனையும் ஒரே இலையின் மேல்தான் நின்றிருந்தன. பிறகு தேயிலை வந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னையை வாங்கினார். பயிர் மாறியது, ஏற்பாடு மாறவில்லை.

இதை மனித மூலதனம் என்ற தலைப்பில் பாடநூலும் தொடுகிறது. உழைப்பினால் வரப்போகும் வருமானமும் ஒருவரின் சொத்துத்தான், அதையும் சேர்த்தே தொகுப்பைப் பார்க்க வேண்டும் என்று போடி, மெர்ட்டன், சாமுவெல்சன் மூவரும் 1992 இல் எழுதினார்கள். நல்ல கட்டுரை. ஆனால் எங்கள் பாடத்திட்டத்தில் அது பதின்மூன்றாவது கிழமையில், பரீட்சைக்கு வராத பகுதியில் இருந்தது. மாதச் சம்பளம் வாங்கும் கொழும்பு வாசகருக்கு அது பின்னிணைப்பாக இருக்கலாம். ஹல்துமுல்லையில் அதுதான் முதல் அத்தியாயம். இங்கே ஒருவரின் சொத்தில் முக்கால்வாசி அவருடைய இரண்டு கையும் முதுகும். அவற்றை விற்று வேறொன்றை வாங்க முடியாது.

எல்லாம் ஒரே சரிவில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாள்: 2014 அக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி கழிந்து ஒரு கிழமை. சம்பளத்தில் முற்பணத்தை வெட்டத் தொடங்கியிருப்பார்கள். அன்று காலை ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. லயங்கள், கோயில், கோழிக்கூடு, மரக்கறிப் பாத்தி எல்லாம் ஒரே மண்ணுக்கு அடியில் போயின. வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்கள் தப்பினார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. செத்தவர்களைப் பற்றிப் பேசுகிற இடத்தில் கணக்குப் பேசுவது எனக்கே கூசுகிறது. ஆனால் மிஞ்சியவர்கள் அடுத்த நாள் தேடியவற்றில் அடையாள அட்டையும் சேமலாப நிதிக் கடுதாசிகளும் வங்கிப் புத்தகமும் அடகுத் துண்டும் இருந்தன என்பது இந்தக் கட்டுரையின் நடு விஷயம். வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லாததால் வீடு சொத்தாக எங்கும் பதிவாகியிருக்கவில்லை. போனபோது நட்டமாகவும் அது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

சீட்டும் அங்கே தோற்றுவிடும். பத்துப் பேரும் ஒரே லயம், ஒரே சம்பள நாள், ஒரே சரிவு. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற ஒன்பது பேர் தாங்கலாம். பத்துப் பேருக்கும் ஒரே காலையில் ஒன்று நடந்தால் கொப்பியில் யார் சரி போடுவது? தோட்டம் வேலைநிறுத்தத்தில் இருந்த மாதங்களிலும் இதே கதைதான், அளவு மட்டும் சின்னது. சீட்டின் பலம் பத்துப் பேரும் ஒருவரையொருவர் தினமும் பார்ப்பது, ஓடிப்போக முடியாதது. பலவீனமும் அங்கேதான். அறிமுகம் கூடக் கூட நம்பிக்கை ஏறும்; இணைபும் ஏறும். முன்பின் தெரியாத ஆயிரம் பேரின் காசைச் சேர்க்கிற அலகுப் பொறுப்பாட்சி நிதிக்கு இந்தப் பலமும் இல்லை, இந்தப் பலவீனமும் இல்லை. லயத்தில் நம்பிக்கைக்கும் பரவலுக்கும் நடுவில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதை எனக்குச் சீட்டுக் கொப்பி சொல்லித் தரவில்லை. மார்க்கோவிட்ஸின் சூத்திரத்தைக் கொப்பியின் மேல் வைத்தபோதுதான் தெரிந்தது.

மாமா கொழும்புக்குப் போனதையும், பக்கத்துக் காம்பராவின் அக்கா குவைத்துக்குப் போனதையும், இன்னொருவர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனதையும் தோட்டம் பிடிக்காமல் போகிறார்கள் என்றே எழுதுகிறார்கள். பிடிக்காததும் உண்மை. அதோடு, ஒரு குடும்பத்தில் ஓர் ஆளையாவது இந்த மலைக்கு வெளியே வைப்பது இந்த ஊர் கண்டுபிடித்த ஒரே உண்மையான பரவல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை அடித்தபோது முதல் காசு எங்கிருந்து வந்தது என்று எங்கள் லயத்தில் கேட்டால், வெளியே இருக்கிற பிள்ளைகளின் பெயரைத்தான் சொல்வார்கள்.

போன தை மாதம் புதுச் சீட்டுத் தொடங்கினார்கள். இப்போது 10,000 ரூபாய்ச் சீட்டு. குலுக்கலில் அம்மாவுக்கு இரண்டாவது விழுந்தது. நான் போனில் சந்தோஷப்பட்டேன். பணவீக்கம் இருக்கும் நாட்டில் முன்னால் எடுப்பதுதான் லாபம், எடுத்ததும் நிலையான வைப்பில் போட்டுவிடலாம் என்று கணக்கும் சொன்னேன். ம், ம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது கொப்பியைத் திறந்தேன். இரண்டாவது மாதத்துக்கான வட்டம் வேறொரு பெயரைச் சுற்றி இருந்தது. அம்மாவின் பெயருக்கு நேரே எட்டு என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

“அவ மக சமைஞ்சிட்டா தம்பி. சடங்கு வைக்கணும்ல. நான் எட்டாவது எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்.”

ஆறு மாதத் தாமதத்தின் இன்றைய பெறுமதியை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். நாலைந்தாயிரம் ரூபாய் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. அதற்குள் அவர் அந்தச் சடங்குக்கு எந்தச் சேலை கட்டுவது என்று பெட்டியைக் கிளறத் தொடங்கியிருந்தார்.